ரைடரை வைக்கணுமா, கார்னரை வைக்கணுமா? தலைவாஸ் தக்கவைப்புக் கணக்கு

(ஒலிபரப்பான பேச்சு, படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பின்னாடி டிராக்டர் சத்தம், நடுவுல ஒரு நாய் குரைக்குது. கேள்வி இதுதான்: "அண்ணே, தமிழ் தலைவாஸ் அர்ஜுன் தேஷ்வாலை வச்சுக்கணுமா, இல்ல விட்டுட்டு ஏலத்துல வேற ரைடரைப் புடிக்கணுமா? நீங்க பாட்டுக்கு கிரிக்கெட்டையே பேசிக்கிட்டிருக்கீங்க." நியாயமான கோபம். இன்னைக்கு முழுக்கக் கபடிதான்.

நான் மேலூர்ப் பக்கம் ஒரு ஊர் அணிக்கு எட்டு வருஷம் லெஃப்ட் கார்னர் ஆடினவன். அதனால ஒரு சார்பு இருக்கும். கேட்கும்போது அதைக் கழிச்சுக்கிட்டே கேளுங்க.

முதல்ல பணம். புரோ கபடி லீக்கில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவழிக்க ஓர் உச்சவரம்பு உண்டு. 2022ல் அது 4.4 கோடி, 2023ல் 5 கோடியாக உயர்ந்தது. தக்கவைக்கிற வீரரோட சம்பளமும் அதுக்குள்ளதான் வரணும். ஆக, ஒருத்தரை "வச்சுக்குவோம்"னு சொல்றது சும்மா பாசத்துல சொல்ற வார்த்தை இல்லை. அவருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு லட்சமும் இன்னொருத்தர் கையிலிருந்து எடுத்ததுதான்.

2022 ஏலத்தில் தலைவாஸ் பவன் செஹ்ராவத்தை எடுத்தது ஞாபகம் இருக்கா? 2 கோடியே 26.5 லட்சம். அதுவரைக்கும் லீக் வரலாற்றிலேயே யாருக்கும் கொடுக்காத விலை. மொத்தப் பையில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. எங்க ஊர் டீக்கடையில அன்னைக்குத் தீபாவளிதான். அக்டோபர் மாதம் முதல் ஆட்டம், குஜராத்தோடு. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பவனுக்கு முழங்காலில் அடி. அந்த சீசனே முடிந்தது. ஆட்டம் சமன். டீக்கடை துக்க வீடு மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். 2017ல் லீக்குக்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட ப்ளே-ஆஃப் பார்க்காத அணி, அந்த வருஷம்தான் உள்ளே போச்சு. நட்சத்திரம் இல்லாமல். எலிமினேட்டரில் யு.பி. யோதாஸை டை-பிரேக்கரில் ஜெயிச்சு, அரையிறுதியில் புனேகிட்ட 37-39னு ரெண்டே புள்ளியில் தோற்றது. நரேந்தர்னு ஒரு புதுப் பையன், முதல் சீசன், 243 ரைடு புள்ளி எடுத்தான். பயிற்சியாளர் அஷன் குமார் வந்தபிறகு அணி நிதானத்துக்கு வந்தது.

இதைச் சொன்னவுடனே "பாத்தீங்களா, நட்சத்திரமே தேவையில்லை"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். அவசரப்படாதீங்க. அதே சீசனில் கோப்பை தூக்கியது ஜெய்ப்பூர். அந்த அணியின் ரைடர் யார்? இந்த அர்ஜுன் தேஷ்வால்தான், 296 ரைடு புள்ளி. நட்சத்திரத்தை வச்சுத்தான் ஜெயிச்சாங்க. ஆனா அதே ஜெய்ப்பூரில் அங்குஷ்னு ஒரு லெஃப்ட் கார்னர். 89 டேக்கிள் புள்ளி, அந்த சீசனின் முதலிடம். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க. இதைப் பத்தித்தான் இன்னைக்கு முழுக்கப் பேசப்போறேன்.

கபடியில் ரைடர் ஒரு விசித்திரமான நட்சத்திரம். கிரிக்கெட்ல பேட்ஸ்மேன் அவுட்டானா முடிஞ்சது, திரும்ப வரமாட்டார். கால்பந்துல ஸ்ட்ரைக்கர் வாய்ப்பைத் தவறவிட்டாலும் களத்திலேயே நிற்பார். கபடியில்? பிடிபட்டா வெளியே போய் உட்காரணும். திரும்ப உள்ளே வரணும்னா மத்தவங்க புள்ளி எடுக்கணும். எதிராளியைத் தொட்டோ பிடிச்சோ எடுக்கிற புள்ளிக்குத்தான் ஒருத்தர் உள்ளே வரலாம். போனஸ் புள்ளிக்கு யாரும் வரமுடியாது. அதுவும் வெளியே போன வரிசைப்படிதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ரைடு அதிகபட்சம் 30 விநாடி. ரெண்டு அணியும் மாறி மாறிப் போகிறார்கள். உங்க முதல் ரைடர் ஐந்து நிமிஷம் வெளியே உட்கார்ந்தால், அந்த நேரத்தில் பத்து ரைடு. அதில் ஐந்து உங்களுடையது. அந்த ஐந்தும் அவர் இல்லாமல் போகுது. ஒரே ஆட்டத்தில் மூணு தடவை இப்படி உட்கார்ந்தால் பதினைந்து ரைடு. 40 நிமிஷ ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பதே சுமார் நாற்பதுதான். அதாவது கோடி ரூபாய் ஆள் ஆட்டத்தில் மூணுல ஒரு பங்குக்கும் மேல தண்ணி குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

அவரை யார் உள்ளே கொண்டுவரணும்? எதிரணி ரைடரைப் பிடிக்கிற கார்னரும் கவரும். இல்லையா, தைரியமா உள்ளே போய் ஒரு ஆளைத் தொட்டுட்டு வருகிற ரெண்டாவது ரைடர். ஆக ஒரு ரைடர் 250 புள்ளி எடுத்திருக்கார்னு பட்டியலில் பார்த்தால், அதில் ஒரு பகுதி அவரை மீட்டு உள்ளே அனுப்பினவர்களோடது. ஏலத்தில் அந்த 250க்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். மீட்டவர்கள் பழைய அணியிலேயே இருந்துவிடுவார்கள்.

இதுக்கு 2023ஐ விடத் தெளிவான உதாரணம் வேண்டாம். தலைவாஸ் பவனை விட்டுவிட்டது. தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60.5 லட்சம் கொடுத்து எடுத்தது. 5 கோடிப் பையில் பாதியைத் தாண்டிருச்சு. பவன் குறை வைக்கவில்லை, 200க்கு மேல் ரைடு புள்ளி எடுத்தார். அணி? 22 ஆட்டத்தில் ரெண்டே வெற்றி, கடைசி இடம். அதே ஏலத்தில் புனேரி பல்டன் 2 கோடியே 35 லட்சத்தை யாருக்குக் கொட்டியது? ஈரானிய வீரர் ஷாத்லூயிக்கு. ஆல்-ரவுண்டர்னு பேர், ஆனா பிழைப்பு பிடிக்கிறதுதான். லெஃப்ட் கார்னர். புனே சாம்பியன். அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதேன்னு ரைடர்கள் பிரிச்சு வேலை பார்த்தாங்க. ஒருத்தர் உட்கார்ந்தா இன்னொருத்தர் எழுந்தார்.

இன்னொரு கேஸ், இது சமீபத்தியது. 2024ல் பாட்னாவின் தேவாங்க் தலால் 301 ரைடு புள்ளி எடுத்து அணியை இறுதிப்போட்டிக்கே கொண்டுபோனார். அவரைப் பாட்னா விட்டது! எங்க வாட்ஸ்அப் குரூப்ல பாட்னா நிர்வாகத்தைத் திட்டாத ஆளில்லை, நானும் திட்டினேன். பெங்கால் 2 கோடியே 20.5 லட்சத்துக்கு எடுத்தது. பாட்னா அவர் நிழலில் ஆடின அயான் என்கிற இளம் ரைடரை வைத்துக்கொண்டது. 2025ல் அயான் 300 ரைடு புள்ளியைத் தாண்டினார். பாட்னா தடுமாறி எழுந்து எலிமினேட்டர் வரைக்கும் போனது. தேவாங்கும் பெங்காலில் புள்ளிகளைக் குவித்தார். பெங்கால் முதல் எட்டுக்குள்ளேயே வரவில்லை. நான் திட்டினதை இங்கே வாபஸ் வாங்கிக்கிறேன்.

சரி, நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம். 2019 சீசன். அஜய் தாக்குர் கேப்டன். கூட 94 லட்சத்துக்கு ராகுல் சௌத்ரி. தடுப்பில் மஞ்ஜீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங். பேரைப் படிச்சாலே எதிராளி பயப்படணும். 12 அணியில் 12வது வந்தோம். இதில் தடுப்பாட்டக்காரர்களும் பெரிய பேர்தானே, அப்ப உங்க கார்னர் கணக்கு என்னாச்சுன்னு கேட்பீங்க. கேளுங்க. அங்கே தப்பு வேற: எல்லாருக்கும் போன ஐந்து வருஷத்துக்காகக் காசு கொடுத்தார்கள். தக்கவைப்பு என்பது விருது விழா இல்லை. அடுத்த டிசம்பரில் அந்த முழங்கால் எப்படி இருக்கும்னு பார்த்துக் கொடுக்கிற காசு.

பிரபஞ்சன் விவகாரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தமிழ்நாட்டு ரைடர், 2017ல் நம்ம அணியில்தான் இருந்தார், நல்லா ஆடினார். விட்டோம். 2018ல் 38 லட்சத்துக்கு குஜராத் எடுத்து, அந்த வருஷம் இறுதிப்போட்டி வரை போனது. அடுத்து ஹரியானா. 2021ல் நாமே 71 லட்சம் கொடுத்துத் திரும்ப வாங்கினோம். அதுக்குள்ள அவர் பழைய வேகத்தில் இல்லை. மலிவாக இருக்கும்போது விட்டு, விலை ஏறினபின் வாங்குவது. நம்ம ஊர்ல தக்காளி வியாபாரிகூட அப்படிச் செய்யமாட்டார்.

ஆனா, நான் சொல்ற விதியும் தானா வேலை செய்யாது. 2022ல் ஜொலிச்ச கூட்டத்தைத் தலைவாஸ் அப்படியே கட்டிக்காத்தது. நரேந்தர், ரைட் கார்னர் சாகர் ராத்தி, லெஃப்ட் கார்னர் சாஹில் குலியா. சாகர் அதுக்கு முந்தைய சீசனிலேயே 82 டேக்கிள் புள்ளி எடுத்தவர். பவனுக்காக ஏலம் கேட்டு மல்லுக்கட்டாமல் நிதானமா இருந்ததை நான் இதே மைக்கில் பாராட்டினேன். 2023-24ல் 9வது இடம். நரேந்தர் முதல் ஆண்டின் எண்ணிக்கையை எட்டவில்லை. ஒரு வருஷம் வீடியோ பார்த்த எதிரணிகள் அவன் எந்தப் பக்கம் சாய்கிறான்னு படிச்சுட்டாங்க. அவனோட சுமையைப் பகிர ரைடில் போதுமான பலம் இல்லை. அதைச் சரிசெய்ய 2024ல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம். கார்னரில் நிதேஷ் குமார் வந்து லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரரானார். மறுபடியும் 9வது! ஒரு வருஷம் கை இருக்கு, கால் இல்லை. மறு வருஷம் கால் இருக்கு, கை இல்லை.

எங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லிடறேன். பொங்கலுக்கு மின்னொளிக் கபடிப் போட்டி. வெளி மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய ரைடரைக் கூட்டிட்டு வந்தோம். போக்குவரத்து, சாப்பாடு, கையில ஒரு தொகை. ஊர்ல வசூல் பண்ணின காசு. முதல் ரெண்டு ஆட்டம் அந்த அண்ணன் பறந்தார். காலிறுதியில எதிரணி அவரை ஆரம்பத்திலேயே செயின் போட்டு அமுக்கிருச்சு. அடுத்த ஏழெட்டு ரைடுக்கு எங்களால ஒரு ஆளையும் பிடிக்க முடியலை. நான் ரெண்டு தடவை கணுக்காலைப் பிடிச்சேன், கவர்ல நின்ன பையன் வந்து சேரலை. அந்த அண்ணன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, "தம்பி, ஒண்ணே ஒண்ணு புடிச்சு என்னைய உள்ள விடுங்கப்பா"ன்னு கெஞ்சினார். இன்னைக்கும் அந்தக் குரல் காதுல இருக்கு. தோத்தோம். வசூல் கொடுத்த பெரியவர் ஒருத்தர் ஆறு மாசம் என்கிட்டப் பேசலை.

இப்ப உசிலம்பட்டித் தம்பிக்குப் பதில். அர்ஜுனை 2025ல் 1 கோடியே 40.5 லட்சத்துக்கு எடுத்தோம். 59.5 லட்சத்துக்குப் பவனும் திரும்பி வந்தார். ரெண்டு பேரையும் சேர்த்தே 2 கோடிதான், காகிதத்தில் பிரமாதம். சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே ஒழுங்கு நடவடிக்கைன்னு சொல்லிப் பவனை அணி அனுப்பிவிட்டது. அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். அந்தச் சண்டைக்குள்ள நான் போகலை. அர்ஜுன் தலையில் கேப்டன் பொறுப்பும் மொத்த ரைடும் விழுந்தது.

என் கணக்கு இது. முதல் பேனாக் கோடு கார்னர் ஜோடிக்கு. ஒருத்தர் இல்லை, ஜோடி. ரெண்டாவது, விலை ஏறாத இளம் ரைடர். பாட்னாவுக்கு அயான் மாதிரி. இந்த ரெண்டும் முடிந்தபிறகு பையில் மீதி இருந்தால் அர்ஜுனை வச்சுக்கலாம், தாராளமா. மீதி இல்லைன்னா ஏலத்துக்கு விட்டு, எஃப்.பி.எம். அட்டையைக் கையில் வச்சுக்கணும். தெரியாதவங்களுக்கு: நீங்க விட்ட வீரருக்கு வேறொரு அணி கேட்ட கடைசி விலையை நாங்களும் கொடுக்கிறோம்னு சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அது. சந்தை அவருக்கு என்ன விலை சொல்லுதுன்னு பார்த்துட்டு முடிவெடுக்கலாம். விலை ஒன்றரைக் கோடியைத் தாண்டினால் நான் அட்டையைத் தூக்கமாட்டேன். திட்டுறவங்க திட்டுங்க.

அணியில தமிழ்நாட்டுப் பையன்கள் எங்கேன்னு எல்லாரும் கேட்கிறோம். கேட்கும்போது எப்பவும் ரைடரையே கேட்கிறோம். அலங்காநல்லூர், வாடிப்பட்டி, திருமங்கலம்னு எந்த ஊர் மண்ணுக்கு வேணாலும் போங்க. கணுக்காலைப் பிடிச்சா விடாத பையன் ஒருத்தன் கார்னர்ல நிப்பான். அவனை யாரும் செல்போன்ல படம் எடுக்கிறதில்லை. கேமரா ரைடர் பின்னாடியே ஓடுது. மண்ணுல ஆடினவன் மேட்டுக்குப் பழக ஒரு வருஷம் ஆகும், ஷூ போட்டு நிற்கவே தடுமாறுவான். இளம் வீரர் பிரிவில் அவனை எடுத்துப் போட ஆகும் செலவு, ஒரு நட்சத்திர ரைடரின் விலையில் ஒரு சின்னத் துண்டு.

உங்க ஊர்க் கார்னர் யாருன்னு ஒரு நிமிஷ வீடியோ எடுத்து அனுப்புங்க. பிடிக்கிற வீடியோதான் வேணும், ரைடு வீடியோ வேண்டாம். அடுத்த வாரம் ஒரு பழைய கோச்சைக் கூட்டிட்டு வந்து உட்கார்ந்து பார்க்கிறோம். உசிலம்பட்டித் தம்பி, அந்த நாயைக் கட்டிப்போட்டுட்டுப் பேசுங்க. வரட்டுங்களா.