ஆடிக்காற்று எங்கிருந்து கிளம்புது?

இந்த எபிசோடை வடக்கனந்தல் பக்கத்துல, கோமுகி அணைக் கரையில நின்னு பதிவு பண்றேன். மேற்கே கல்வராயன் மலை. மைக்ல புர்ர்னு கேக்குதே, அது ஆடிக்காற்று. எடிட்ல எடுக்க வேணாம்னு சொல்லிட்டேன். இன்னைக்கு ஹீரோவே அதுதான்.

கரையில ஆடு மேய்ச்சுட்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: “இந்தக் காத்து எப்ப தம்பி திரும்பும்?” அணைக்குக் கீழ அவருக்கு நெல் வயல் இருக்கு.

முதல்ல, இது எங்கிருந்து வருது? கேரளான்னு சொல்வோம். அது வழியில ஒரு ஸ்டாப், அவ்வளவுதான். கிளம்புற இடம் மொரீஷியஸுக்கும் தெற்கே. ஜூன், ஜூலையில அங்க குளிர்காலம், கடல் மேல காற்றழுத்தம் அதிகம். இந்தப் பக்கம் வட இந்தியா, பாகிஸ்தான் நிலம் கொதிச்சு அழுத்தம் இறங்கியிருக்கு. பஞ்சரான ட்யூப் மாதிரி, அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைஞ்ச இடத்துக்குக் காற்று ஓடும்.

அப்படின்னா நேரா வடக்கேதானே ஓடணும்? இங்க ஏன் மேற்கிலிருந்து அடிக்குது?

பூமி சுத்துதே, அதனாலதான். பூமத்திய ரேகையில சும்மா நிக்கிறவரே மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்துல கிழக்கே போறார். வடக்கனந்தல்ல நிக்கிற நான் 1,635 தான். அங்கிருந்து வடக்கே வர்ற காற்று என்னைவிட 35 கி.மீ. வேகமா கிழக்கே ஓடும். எனக்கு அது மேல்காற்று. கப்பல்காரங்க நம்பியிருந்த வணிகக் காற்றை விளக்க, ஜார்ஜ் ஹாட்லிங்கிற இங்கிலாந்து வக்கீல் 1735-ல இந்த யோசனையைத்தான் எழுதினார். கணக்குல பாதிதான் வந்துச்சு. பூமியோட அச்சை நெருங்க நெருங்கக் காற்றோட வேகமே கூடும், கையை மடக்கினதும் ஸ்கேட்டிங் ஆடுறவங்க வேகமா சுத்துற மாதிரி. அதையும் சேர்த்தா வித்தியாசம் ரெட்டிப்பாகும். நல்லவேளை, உராய்வு அதுல நிறையத் தின்னுடுது.

இவ்வளவு கடல் தாண்டி வந்த ஈரத்தை அது மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிடுது. மலை ஏறுற காற்று விரிஞ்சு குளிர்ந்து மழையாகும். இறங்குற காற்று அமுங்கி, சூடாகி, காய்ஞ்சுபோகும். நமக்கு வர்றது இறங்குற காற்று. சில சாயங்காலம் இடிமழை உண்டு, அது உள்ளூர் வெயிலும் சேர்ந்து பண்ற வேலை.

ஐப்பசியில ஆசிய நிலம் குளிர ஆரம்பிச்சதும் கதை தலைகீழ். வங்கக்கடல் ஈரத்தோட வடகிழக்கிலிருந்து வர்ற காற்று, இதே கல்வராயனோட கிழக்குச் சரிவுல ஏறியாகணும். ஏறினா மழை. அந்தத் தண்ணிதான் கோமுகிக்கு வரும்.

இதையெல்லாம் பெரியவர்கிட்ட சொல்லிட்டு, “வழக்கமா அக்டோபர் 20 வாக்குலங்கய்யா, ஒரு வாரம் முன்ன பின்ன ஆகலாம்”னேன்.

“அந்த ஒரு வாரம்தான் தம்பி எனக்குத் தெரியணும். நாத்து விடலாமா வேணாமா?”ன்னார்.