பனிக்கடலின் படிக்கட்டுகள்



மலையை அசையாமையின் உவமையாக ஆள்வது தமிழ்க் கவிதையின் நெடுமரபு. அடக்கமுடையானின் உயர்வை உணர்த்த வள்ளுவரும் மலையையே அளவுகோலாகக் கொண்டார். அவ்வுவமை இனியும் அப்படியே நிற்குமா என்னும் வினாவை எழுப்ப வல்லது, ஆல்ப்ஸ் மலையில் ஒரே பகலில் சென்று திரும்பக்கூடிய ஒரு பயணம்.

பிரான்சு நாட்டில், 1035 மீட்டர் உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு ஊர் சாமொனி. அதன் தலைக்குமேல் நிற்பது வெண்மலை எனப் பொருள்படும் மோண்ட் பிளாங்க். அதன் உச்சியை அடையும் வழி காண்போர்க்குப் பரிசளிப்பதாக ஜெனீவா அறிஞர் சொசூர் 1760இல் அறிவித்தார். பால்மா, பக்கார் என்னும் சாமொனி ஊரினர் இருவர் அவ்வுச்சியில் கால்வைத்தது 1786இல். இடையே கழிந்தவை இருபத்தாறு ஆண்டுகள்.

இன்றைய பயணிக்கோ, அம்மலைக்கு அண்டையிலுள்ள ‘நண்பகல் ஊசி’ என்னும் சிகரத்தை அடைய இருபது நிமிடங்களே போதும். 1955இல் இயங்கத் தொடங்கிய கேபிள் கார் அவரை இரு கட்டங்களாக ஏற்றுகிறது. முதற்கட்டம் 2317 மீட்டரில் முடிகிறது. இரண்டாம் கட்டத்தில் இடையே தாங்கு தூண் ஒன்றேனும் இல்லை. பனிக்கும் பாறைக்கும் மேலே கம்பிவடம் ஒன்றே துணை. 3842 மீட்டர் உயரத்தில் நிற்பவர்க்கு மூச்சு வாங்குகிறது. கடல்மட்டத்தில் கிட்டும் உயிர்க்காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கே குறைவு. பொறி சுமந்து வந்த உயரத்தை உடல் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. காட்சி பெரிது, ஆனால் உழைத்துப் பெறாத காட்சி.

இறங்கும்போது இடைநிலையத்தில் விட்டு, மலைச்சரிவின் ஒற்றையடிப் பாதையில் நடப்போர்க்கே மலை தன் உண்மையைச் சொல்லத் தொடங்குகிறது. இரண்டு, மூன்று மணிநேர நடை மோன்தான்வேர் என்னுமிடத்தில் முடிகிறது. அங்கே ‘பனிக்கடல்’ எனப் பெயர்பெற்ற பனியாறு.

1816ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கவிஞர் ஷெல்லியும் மேரியும் இப்பனியாற்றைக் கண்டனர். ஷெல்லி மோண்ட் பிளாங்க் மீது கவிதை பாடினார். 1818இல் வெளிவந்த மேரியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ புதினத்தில், படைத்தவனும் படைக்கப்பட்டதும் எதிரெதிர் நின்று பேசும் களம் இப்பனிப்பரப்பே. அந்நாளில் பனியாற்றின் நுனி பள்ளத்தாக்குவரை இறங்கியிருந்தது. ஊரையும் விளைநிலத்தையும் பனி விழுங்கிவிடுமோ என்பதே அன்றைய அச்சம்.

இன்றைய அச்சம் நேர்மாறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அந்நுனி இரண்டு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கிவிட்டது. 1988இல் பயணிகளைப் பனியருகே இறக்க அமைத்த ஊர்தி நிலையத்திலிருந்து பனியைத் தொடச் சில படிகளே போதுமானவையாக இருந்தன. பனி தாழத் தாழ, ஆண்டுதோறும் படிகள் கூட்டப்பட்டன. அவை 500ஐயும் கடந்தன. வழியெங்கும் ஆண்டு பொறித்த பலகைகள்: இன்ன ஆண்டில் பனி இவ்வளவு உயரம் இருந்தது என்று அவை கூறின. 1990 என்னும் பலகையருகே நின்று கீழே நோக்கியவர் வெறும் பாறையையும் சரளையையுமே கண்டார். இறுதியில், பனி தடித்திருக்கும் மேற்புறத்தில் 2024இல் புதிய ஊர்தித்தடம் திறக்கப்பட்டது. ஓடும் பனியை மனிதன் துரத்திச் செல்லும் காட்சி இது!

மலையேறிய பெருமிதத்தோடு வந்தவர், இப்படிக்கட்டில் இறங்கியபோதுதான் மலையை அறிந்தார். ஒவ்வொரு படியும் மனிதன் எரித்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் எழுதப்பட்ட கணக்கு.

கவிஞர் பெருமக்களே! மலை என்றும் இருக்கும் என்று எழுதுவது எளிது. மலையின் வெண்மை தன் காலத்திலேயே கரைவதைக் காணும் தலைமுறை, அதைக் கண்டதாக எழுதிவைக்கக் கடமைப்பட்டது. ஷெல்லியும் மேரியும் தாம் கண்ட பனியை எழுதினர். அதனாலேயே இன்று இழந்தது எவ்வளவு என்று தெரிகிறது. இன்றைய கவிதையும் நாளை அவ்வாறு ஓர் அளவுப் பலகையாக நிற்றல் வேண்டும்.