சேற்று நண்டும் சாஸ்திரமும்

(திருநெல்வேலியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



இன்றையதினம் நான் நண்டைப் பற்றிப் பேசுவதாக நோட்டீசில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் என்னைச் சந்திப் பிள்ளையார் முக்கில் நிறுத்தி, "என்னவே, சாமி இல்லை, சாதி இல்லைன்னு சொல்லிச் சொல்லிச் சரக்கெல்லாம் தீர்ந்து, இப்ப நண்டு பிடிக்கக் கெளம்பிட்டீராக்கும்?" என்று கேட்டார். "இல்லை அண்ணாச்சி, நண்டுகிட்டேயும் கொஞ்சம் சரக்கு இருக்கு, சாயந்திரம் வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் காலேஜில் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு படித்ததெல்லாம் வாசகசாலை பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்ததுதான். ஆகையால் பண்டிதர் பேச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும்.

சங்கதி இதுதான். கடலூர் ஜில்லாவில் பரங்கிப்பேட்டையிலே வெள்ளாறு கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்துச் சேற்றில், அதுவரையில் உலகத்தில் எந்த ஏட்டிலும் ஏறாத ஒரு நண்டினத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல்வாழ் உயிரியல் மையத்தார் கண்டெடுத்து, 2022-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். பிரேமா, ரவிச்சந்திரன் என்ற நம்மவர்களும், தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். நண்டுக்கு வைத்த பெயர் சூடோஹெலிஸ் அண்ணாமலை. அண்ணாமலை என்றவுடன் யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி காலேஜாக ஆரம்பித்து 1929-ல் பல்கலைக்கழகமான அந்த ஸ்தாபனத்தின் நூறாண்டுக் கல்விப் பணியை நினைத்து வைத்த பெயர் அது.

நண்டு எப்படியிருக்கும் என்று கேட்பீர்கள். மிகச் சின்னது. எவ்வளவு வளர்ந்தாலும் ஓட்டின் அகலம் 20 மில்லி மீட்டர்தான். ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிடும். கருநீலச் சிவப்போ கருஞ்சாம்பலோ கலந்த நிறம். முதுகின் பின்பக்கத்தில் வெளிர்மண் நிறத்திலும் மஞ்சளிலும் வெள்ளையிலுமாக ஒழுங்கில்லாத புள்ளிகள். இடுக்கிக்கால் இரண்டும் வெளிர்மண் நிறம். ஓதம் ஏறி இறங்குகிற கரையில், தண்ணீர் எப்போதாவது எட்டிப்பார்க்கிற மேல்விளிம்பில், வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் ஈட்டி ஈட்டியாய் நிற்குமே, அதற்கிடையில் வளை தோண்டிக்கொண்டு வாழ்கிறது. வளை 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம். உள்ளே கிளை பிரிகிறது. தோண்டிய சேற்றை உருண்டை உருண்டையாக வாசலில் போட்டுவைக்கிறது. சண்டைக்கு வராது, ஆனால் ஓட்டத்தில் கெட்டி.

இந்த வகையில் அதற்கு முன் இரண்டே இனங்கள்தான் தெரிந்திருந்தன. ஒன்று 1837-ல் பிரெஞ்சுக்காரரான மில்ன் எட்வர்ட்ஸ் எழுதியது. மற்றது 1851-ல் அமெரிக்கரான டேனா எழுதியது. இந்து மகா சமுத்திரத்தின் மேற்குப் பக்கத்திலும் இருக்கிறது, பசிபிக் சமுத்திரத்தின் மேற்குப் பக்கத்திலும் இருக்கிறது, நடுவில் மாத்திரம் ஒரே காலி என்று இருந்த இடைவெளியில், நம் வெள்ளாற்று நண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

"புது நண்டு என்றால் கடவுள் நேற்றுத்தான் படைத்தாரா?" என்று ஒரு தோழர் வழியில் கேட்டார். அது எத்தனையோ லட்சம் வருஷமாக அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்ததுதான். நம்முடைய ஏட்டுக்குத்தான் புதிது. அந்த முகத்துவாரத்தில் தூண்டிலும் வலையும் போட்டுப் பிழைக்கிற ஜனங்கள் அதை மிதித்துக்கொண்டுதான் நடந்திருப்பார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஏட்டில் ஏற ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் சேற்றில் இறங்கினவனுக்கு எழுத்தில்லை. எழுத்தை வைத்திருந்தவன் சேற்றில் இறங்கவில்லை. நண்டு வளைக்குள் கை விடுகிறவன் தீண்டத்தகாதவன் என்றும், வேதத்துக்குள் தலை விடுகிறவன் மேலோன் என்றும் பிரித்துவைத்தார்கள். இரண்டு தலைமுறையல்ல, இரண்டாயிரம் வருஷம் இப்படியே நடந்தது. நெய்தல் நிலத்துச் சங்கப் புலவர்கள் அலவனைக் கண் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதை நான் மறைக்கவில்லை. நம் தாமிரபரணி கடலில் விழுந்த இடத்திலே கொற்கைத் துறை இருந்த காலத்தில் பெண்கள் நண்டை விரட்டி விளையாடியது பாட்டாயிற்று. ஆனால் அந்தப் பார்வையைத் தொடர்ந்து, எத்தனை வகை, எது எங்கே வாழும், என்ன தின்னும் என்று அடுக்கிவைக்க ஆளில்லாமற் போயிற்று. பின்னால் வந்தவர்கள் நண்டை வானத்தில் ஏற்றிக் கடகராசி என்று பெயர் வைத்து, அதன் பேரில் தட்சணை வாங்கினார்கள். தரையிலிருந்த நண்டின் காலை எண்ண ஒருவரும் குனியவில்லை. மேலே சொன்ன மில்ன் எட்வர்ட்ஸ் 1830-ல் வேறொரு நண்டு வகைக்கு வருணா என்று பெயரிட்டுவிட்டார். அதனால் நம் அண்ணாமலை நண்டு சேர்ந்த குடும்பத்துக்கே வருணிடே என்று பெயர். சமுத்திரராஜன் பெயரைச் சேற்று நண்டுக்கு வைத்ததற்கு இதுவரை ஒரு பக்தராவது கண்டனக் கூட்டம் போட்டதாகத் தெரியவில்லை. பக்தி குறைந்துவிட்டதென்பதல்ல, சேதி எட்டவில்லை!

சிரிக்கிறீர்கள். ஒரு மதத்தாரை மாத்திரம் சொல்லிவிட்டு விடுகிறவனல்ல நான். நம் முத்துக்குளித்துறையில் சிலுவை நண்டு என்று ஒன்று வலையில் விழும். முதுகில் சிலுவை போன்ற கோடு இருக்கும். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார், பிறகு மொலுக்கஸ் தீவுகள் பக்கம் போகையில் புயலில் தம் சிலுவையைக் கடலில் இழந்தாரென்றும், அதை ஒரு நண்டு கவ்விக்கொண்டு வந்து கொடுத்ததென்றும், அன்றுமுதல் அதன் முதுகில் சிலுவை விழுந்ததென்றும் சொல்லுகிறார்கள். அந்த நண்டு, சவேரியார் கால் வைக்காத ஆஸ்திரேலியாக் கரையிலும் அதே கோட்டோடுதான் இருக்கிறது. நூறு வகை நண்டுக்கு நூறு விதமான கோடு. அதில் ஒன்று சிலுவை மாதிரி இருந்தால் அதிசயமென்ன? சூலம் மாதிரி இருந்திருந்தால் வேறு கதை பிறந்திருக்கும்.

நிற்க. பரங்கிப்பேட்டைக்காரர்கள் "புது இனம்" என்று சொன்னால் அதை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஒரு புராணந்தானே என்று வைதீக நண்பர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இனத்துக்குப் பெயர் வைக்கிறவன், "என் ஞானதிருஷ்டியில் பட்டது" என்று எழுதினால் எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையும் அச்சிடாது. எந்த நண்டை வைத்துப் பெயர் கொடுத்தானோ அந்த நண்டையே மூலமாதிரியாகச் சாராயச் சத்தில் பாடம்பண்ணி, பலர் வந்து பார்க்கும்படியான காட்சிசாலையில் ஒப்படைக்க வேண்டும். ஓடு, கண்ணுக்குக் கீழேயுள்ள வரம்பு, ஆணின் வயிற்று மடிப்பு, அதற்குள்ளிருக்கும் இனவிருத்தி உறுப்பு ஆகியவற்றை அளந்து, படம் போட்டு, ஏற்கெனவே தெரிந்த இனங்களிலிருந்து எதில் வித்தியாசம் என்று காட்ட வேண்டும். இப்போது அதோடு டி.என்.ஏ. என்னும் பரம்பரை எழுத்தையும் படித்துப் பார்க்கிறார்கள். இதைத்தான் நம்மவர்களும் தைவான்காரர்களும் சேர்ந்து செய்தார்கள். ஒருவிதத்தில் இதுவும் கோத்திரம் பார்ப்பதுதான். ஆனால் பார்த்து முடித்தபின் இந்த நண்டு உசத்தி, அந்த நண்டு தாழ்த்தி என்று யாரும் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாளைக்கே ஒரு பையன், "இது புதிதல்ல, இன்னார் முன்னமே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்" என்று ருசுவோடு காட்டினால், பழைய பெயர் நிற்கும், புதுப் பெயர் விழும். பெயர் வைத்தவர் எவ்வளவு பெரிய பேராசிரியரானாலும் சரி, விதி அதுதான். இவர் ரிஷி, இவரை எதிர்த்தால் நரகம் என்பதில்லை. ஆளுக்கு மரியாதை உண்டு. சொல்லுக்கு ருசுவைப் பொறுத்துத்தான் மரியாதை.

சேற்றில் நடக்கிறவனுடைய அறிவும் இந்த வழியில் ஏட்டில் ஏறக்கூடும். நம் தாமிரபரணி பிறக்கிற பொதிகை மலைக்கு மேற்கே, கேரளத்துக் காட்டில், மரப்பொந்தில் தேங்கும் தண்ணீரில் வாழுகிற ஒரு நீண்டகால் நண்டை 2017-ல் எழுதினார்கள். காணிக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த மரநண்டைப் பற்றிச் சொன்னதிலிருந்து தேடிக் கண்டதுதான் அது. அதற்கு வைத்த பெயரும் காணி மரஞண்டு. காணிக்காரர் பெயர் லத்தீன் ஜாபிதாவில் ஏறிவிட்டது. எந்தப் புராணத்தில் ஏறியிருக்கிறது, சொல்லுங்கள்!

இனி, தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு சிறு நண்டுக்காக நான் ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறேன் என்பதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆற்றுக்கால் பாசனம். பிசான நடவுக்கு முன் வரப்பை வெட்டும்போது நண்டு வளை கிளறுவோம். சளிக்கு நண்டு ரசம் வைக்காத வீடு கிடையாது. குஞ்சு பொரித்தால் தாய் நண்டு சாகும், குஞ்சுகள் அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும் என்று ஊரெல்லாம் சொல்லுவார்கள். என் சித்தி ஒருத்தி பிரசவத்தில் இரண்டு நாள் கஷ்டப்பட்டாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கப் போனவர்களை, அஷ்டமி கழியட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்திவைத்தார்கள். அஷ்டமியும் கழிந்தது, அவளும் கழிந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அஷ்டமியை யாரும் ஒரு வார்த்தை வையவில்லை. "நண்டுக்குக் குஞ்சு எமன், இவளுக்கு இவன் எமன்" என்று அந்தப் பச்சைக் குழந்தையின்மேல் பழியைப் போட்டார்கள். நண்டுக்குஞ்சு என்பதே அவன் பெயராயிற்று. கலியாண வீட்டில் அவன் எதிரே வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும். வயிற்றடியில் குஞ்சுகளோடிருந்த ஒரு பெட்டை வயல்நண்டைப் பிடித்து, ஈரமண் போட்ட பானையில் வைத்தேன். நண்டைத் திருப்பிப் பாருங்கள். ஆணுக்கு வயிற்று மடிப்பு ஒடுக்கமாயிருக்கும். பெட்டைக்கு அகன்று மூடிபோல் இருக்கும். முட்டைகள் அந்த மூடிக்கு அடியில், உடம்புக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயல்நண்டின் குஞ்சு முட்டையை விட்டு வரும்போதே முழு நண்டாக வருகிறது. சில நாள் தாயின் மூடிக்கடியிலேயே ஒண்டிக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தவன் குஞ்சு பிதுங்கி வருவதைக் கண்டு, வயிறு கிழிந்தது என்று கதை கட்டிவிட்டான். என் பானையில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி ஓடின. தாய் சாகவில்லை. போட்ட சோற்றுப் பருக்கையைத் தின்றுகொண்டு சௌக்கியமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் ராத்திரி பானையைத் தாண்டி ஓடிப்போய்விட்டது. என் ஆராய்ச்சியும் அத்தோடு முடிந்தது. முகத்துவாரத்து நண்டுகளுக்குப் பொதுவாக வேறு வழக்கம். முட்டை பொரிந்து வருவது கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு மாதிரி. அது ஓதத்தோடு வெளியே போய், மிதந்து, பல தடவை சட்டை உரித்து, பிறகுதான் நண்டாகிக் கரைக்கு வருகிறது. அங்கேயும் தாய் வயிறு கிழிந்து சாவதில்லை.

அந்தப் பானையைக் கொண்டுபோய் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டினேன். "இது கலியுக நண்டு" என்றார்கள்! தோழர்களே, இப்படிப் பதில் சொல்லுகிறவர்களை என்ன செய்வது? ஆனால் அந்தப் பையன், அப்போது அவனுக்கு ஐந்து வயது, பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா நண்டு உயிரோடதான் இருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினான். அவனுக்கு யாரும் சாஸ்திரம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேரமாகிவிட்டது; தலைவர் கடியாரத்தைப் பார்க்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் சிலபேர் ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலுக்குப் போகிறோம். நம் தாமிரபரணி கடலில் விழுகிற இடம் அது. அங்கேயும் கண்டல் மரமும் சேறும் நண்டு வளையும் இருக்கின்றன. பரங்கிப்பேட்டை நண்டு கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைக்கவில்லை. வற்றத்தில் சேற்றோரம் உட்கார்ந்து, எத்தனை வகை வளை, எந்த வளையிலிருந்து எந்த நண்டு வருகிறது என்று எண்ணி எழுதப்போகிறோம். பெண்களும் பிள்ளைகளும் வரலாம். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம், பென்சில், அளவுகோல் கொண்டுவாருங்கள். வளைக்குள் விரலை விடவேண்டாம், ஈர்க்குச்சி போதும். காலை ஐந்து மணிக்குப் பாலத்தடியில் வண்டி நிற்கும். ஓட்டுகிறவன் என் சித்தி மகன்.