இது யார் கூற்று?

(தெள்ளாரில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கதை எழுதப் பழக்குவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கதை எழுதும் மாணவரிடம் நாம் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கிறோம். தலைப்பு என்ன? நிகழ்ச்சி என்ன? நீதி என்ன? இவற்றோடு நான்காவதாக ஒரு கேள்வியும் வேண்டும். இந்தக் கதையைச் சொல்வது யார்?

இது நமக்குப் புதிய கேள்வி அன்று. குறுந்தொகைப் பாடல் நடத்தும்போது 'இது யார் கூற்று?' என்றுதான் தொடங்குகிறோம். தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா என்று தெரியாவிட்டால் பொருள் பிடிபடாது. அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை; ஒரு பாத்திரத்தின் வாயால் பேசுகிறார். யார் யார் எந்தச் சூழலில் பேசலாம் என்று தொல்காப்பியம் வகுத்தே வைத்திருக்கிறது. செய்யுளில் தவறாமல் கேட்கும் இந்தக் கேள்வியை உரைநடைக் கதைக்கு வந்ததும் விட்டுவிடுகிறோம்.

நாம் நடத்திய பாடங்களையே பார்ப்போம். 10ஆம் வகுப்பில் கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' இருக்கிறது. பக்கத்து வீட்டில் வந்து தங்கியிருக்கும் நோயாளி குப்புசாமியின் கதை அது. ஆனால் கதையைச் சொல்பவர் குப்புசாமி அல்லர். அவரை அலட்சியமாகப் பார்க்கும் அண்டை வீட்டுக்காரர். ஏழை நண்பன் ஒருவன் அனுப்பிய கடிதமும் சிறு தொகையும் வந்து சேரும்போது அந்த அண்டை வீட்டுக்காரரின் மனம்தான் மாறுகிறது. இதே கதையைக் குப்புசாமியே சொல்லியிருந்தால் அவருடைய துன்பம் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கும். வேடிக்கை பார்ப்பவர் சொன்னதால் நாமும் அவரோடு சேர்ந்து அலட்சியப்படுத்துகிறோம், பிறகு அவரோடு சேர்ந்து தலைகுனிகிறோம். தன்மையில் சொல்லும் கதையின் வலிமை இது.

9ஆம் வகுப்பில் கந்தர்வனின் 'தண்ணீர்' இருக்கிறது. இது படர்க்கையில் சொல்லப்பட்ட கதை. தண்ணீர் பிடிக்க ரயிலில் ஏறிய இந்திரா இறங்க முடியாமல் ரயிலோடு போய்விடுகிறாள். கதை சொல்பவர் அவளோடு போகவில்லை. தவித்துத் தேடும் ஊரோடு நின்றுவிடுகிறார். அதனால்தான் அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று நாமும் பதறுகிறோம். படர்க்கை என்றால் எல்லாம் தெரிந்த குரல் என்று மட்டும் பொருளில்லை. யார் பக்கத்தில் நிற்பது, எதைச் சொல்லாமல் வைத்திருப்பது என்று எழுத்தாளர் ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்கிறார்.

முன்னிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு கடிதம். நா. முத்துக்குமார் மகனுக்கு எழுதிய கடிதம் கதை இல்லைதான். ஆனால் 'நீ' என்று ஒருவரை எதிரில் நிறுத்திச் சொன்னால் எவ்வளவு நெருக்கம் வருகிறது என்பதை அதைக் கொண்டே காட்டிவிடலாம்.

இடைசெவல் என்ற ஒரே ஊரில் 1923ஆம் ஆண்டில் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். இருவரும் நண்பர்கள். கி.ரா.வைப் படித்தால் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சொல்லக் கேட்பது போல இருக்கும். கரிசல் பேச்சு கதை சொல்லும் குரலிலேயே கலந்திருக்கும். அழகிரிசாமி அமைதியான எழுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போவார். ஊர் ஒன்று, காலம் ஒன்று, சொல்முறை வேறு. கி.ரா.வின் 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேச்சு மொழியில் சொன்னால் இலக்கியம் ஆகாது என்று இனி யாரும் மாணவரிடம் சொல்ல முடியாது.

இதை ஏன் இந்த ஊரில் நின்று சொல்கிறேன்? ஆரணிப் பட்டு என்று உலகம் சொல்லும் சேலைகளை நெய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வட்டாரப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பாவு, ஊடை, தார், நாடா, ஜரிகை என்று அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால் கதை எழுதச் சொன்னால் 'ஒரே ஓர் ஊரில் ஒரு ராஜா' என்று தொடங்குகிறார்கள். தறி இருக்கும் வீடு கதைக்குள் வருவதே இல்லை. தப்பித்தவறி ஒரு பிள்ளை அம்மாவின் பேச்சை அப்படியே எழுதிவிட்டால், அதன் மேல் சிவப்பு மை விழுகிறது. தன் வீட்டுப் பேச்சே பிழை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. அதன்பின் எழுதுவதெல்லாம் துணைநூலில் படித்த கதை.

நெசவாளர் வாழ்க்கை தமிழ் நாவலுக்குள் வராமல் இல்லை. 1953இல் தொ.மு.சி. ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' எழுதினார். சௌராஷ்டிர நெசவாளர்களைப் பற்றி எம்.வி. வெங்கட்ராம் 'வேள்வித் தீ' எழுதினார். அவர் அந்தச் சமூகத்திலேயே பிறந்து ஜரிகை வணிகமும் செய்தவர். வெளியே நின்று பார்ப்பவருக்குக் கூலியும் பசியும் முதலில் தெரியும். உள்ளே இருப்பவருக்கு வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சின்ன மனத்தாங்கலும் தெரியும். இரண்டு பார்வையும் வேண்டும். இரண்டாவது பார்வை நம் பிள்ளைகளிடம் இருக்கிறது.

வகுப்பில் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

4, 5ஆம் வகுப்புகளுக்குக் காக்கா, வடை கதையே போதும். பாட்டி சொன்னால் அது திருட்டுக் கதை. காக்கை சொன்னால் ஏமாந்த கதை. நரி சொன்னால் சாமர்த்தியக் கதை. மூன்று பிள்ளைகளை நிறுத்திச் சொல்ல வையுங்கள். முதலில் வாயால் சொல்லட்டும், எழுதுவது பிறகு.

உயர்நிலை வகுப்புகளுக்கு நம் ஊரே பாடம். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியரை இங்கே வென்ற மூன்றாம் நந்திவர்மனைத் 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்கிறது வரலாறு. நந்திக் கலம்பகம் அவன் புகழைப் பாடுகிறது. அது வென்றவர் பக்கத்துக் குரல். தோற்றுத் திரும்பிய பாண்டிய வீரன் என்ன சொல்வான்? படை மிதித்துப் போன வயலுக்கு உரியவர் என்ன சொல்வார்? ஒரே நாள், மூன்று கூற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். வரலாற்று ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்தே நடத்தலாம்.

திருத்தும்போது மூன்றைப் பார்த்தால் போதும். முதலாவது, சொல்பவர் கடைசிவரை மாறாமல் இருக்கிறாரா? 'நான்' என்று தொடங்கிய கதை பாதியில் காரணமில்லாமல் 'அவன்' என்று மாறக்கூடாது. இரண்டாவது, சொல்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லாதது கதைக்குள் வந்திருக்கிறதா? அடுத்தவர் மனத்தில் நினைத்தது 'நான்' சொல்பவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது, உரையாடல் அந்தப் பாத்திரம் பேசுவது போல இருக்கிறதா? எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். 'அம்மா வையுது' என்று பாத்திரம் பேசினால் அதைத் திருத்தாதீர்கள். கட்டுரைக்கு ஒரு மொழி, கதைமாந்தர் பேச்சுக்கு ஒரு மொழி என்று விளக்கினால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். தேர்வில் எங்கே எதை எழுத வேண்டும் என்ற குழப்பமும் வராது.

நாளைக்கே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். 'நேற்று மாலை உன் வீட்டில் நடந்த ஒன்றை எழுது. ஆனால் நீ சொல்லாதே. உன் பாட்டி சொல்லட்டும்' என்று சொல்லிப் பாருங்கள். வரும் தாள்களை மதிப்பெண் போடாமல் ஒருமுறை படியுங்கள். இத்தனை நாள் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை யார் என்பதும், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் அப்போது உங்களுக்குத் தெரியவரும்.