திடலும் விளக்கும் யார் தருவது?



2024-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டியலில் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டிக்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. அப்போது 87 வயதான பத்ரப்பன். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர். ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்.

அதன் பலனை இன்று கொங்குச் சீமையில் பொழுது சாய்ந்ததும் பார்க்கலாம். ஊர்க் கோயில் திடலில் வாத்தியார் மைக்கைப் பிடித்துப் பாட்டெடுக்கிறார். ஸ்கூல் பையை வீசிவிட்டு ஓடிவந்த பிள்ளையும், மில்லில் ஷிப்ட் முடித்து வந்த தாயும் ஒரே வரிசையில் அடிவைத்துக் கைதட்டித் திரும்புகிறார்கள். பேத்தி அடி தவறினால் அமுச்சி அதட்டுகிறாள். அடுத்த சுற்றில் அமுச்சியே தவறுகிறாள். டிக்கெட் இல்லை, சபா இல்லை. அரங்கேற்றத்தன்று மொத்த ஊரும் கூடுகிறது.

இத்தனையும் மக்களே செய்துகொள்கிறார்கள் என்றால் உள்ளாட்சிக்கு என்ன வேலை? இருக்கிறது. கோயில் திடல் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. துடும்பு மேளம் அடிக்கிற கையைத் திருவிழாவுக்குக் கூப்பிடுவார்கள். அதே கை பழகிப் பார்க்க இடம் கேட்டால் ஊர் யோசிக்கும். பஞ்சாயத்துத் திடலில் அந்த யோசனைக்கே இடமில்லை, அது எல்லோருக்கும் பொது.

கலைக்கு இடம் தருவது உள்ளாட்சியின் வேலை என்றுதான் சட்டமும் சொல்கிறது. அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பணிகளில் 21-ஆவது, பண்பாட்டு நடவடிக்கைகள். நகராட்சிகளுக்கான 12-ஆவது அட்டவணையிலும் பண்பாட்டு மேம்பாடு உண்டு. சாக்கடை, தெருவிளக்குக்கு நடுவே இதுவும் கவுன்சிலரின் வேலைதான் என்பது பல கவுன்சிலர்களுக்கே செய்தியாக இருக்கும்!

காசு எங்கே என்பார்கள். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியை உள்ளாட்சிகளே வசூலிக்கின்றன. படிப்புக்குச் செய்ததை ஆட்டபாட்டத்துக்குச் செய்ய முடியாதா? புது வரிகூட வேண்டாம். இருக்கிற பட்ஜெட்டில் ஒரு தலைப்பு போதும்.

சென்னை சங்கமம் போன்ற விழாக்கள் நல்லவைதான். ஆனால் விழா மேடையில் ஆடுபவர் சில நிமிடம் ஆடுகிறார். அதற்குமுன் பல மாதம் எங்கேயோ பழகியிருக்க வேண்டும். அந்த ‘எங்கேயோ’ வார்டுக்குள் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் பகுதி சபை உண்டு. அங்கே எழுந்து நின்று கேட்க வேண்டியது இவ்வளவுதான்: மாலை ஆறரை முதல் எட்டரை வரை திடலும் கரண்ட்டும் இலவசம், வாத்தியாருக்கு மாதச் சம்பளம், அனுமதிக்காக யாரையும் ஆபீஸ் ஆபீஸாக அலையவிடக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்கார வேண்டாம்.