போன் பில் 88,027 ரூபாய்: ஒரு அப்பாவின் அனுபவம்

(நமது சங்கத்தின் ஏப்ரல் மாதப் பொதுக்கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் வெளியிடப்படவில்லை.)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்துக் களைப்பாக இருக்கிறீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன். மே விடுமுறை வருகிறது. நம் பிள்ளைகளில் சிலர் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று கிளம்பப்போகிறார்கள். "போன வருஷம் உங்க வீட்ல நடந்ததை ஒரு தடவை எல்லாருக்கும் சொல்லிடுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

என் மகளுக்கு அப்போது 16 வயது. பதினோராம் வகுப்பு முடித்திருந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் அவளுடைய மாமா, "பத்து நாள் அனுப்பி வைங்க மாப்பிள்ளை, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அனுப்பினோம். அவள் போன் எங்கள் குடும்ப போஸ்ட்பெய்டு இணைப்பில் ஒன்று. 18 வயது நிரம்பாதவர் பெயரில் சிம் தர மாட்டார்கள் என்பதால் அதுவும் என் பெயரில்தான் இருக்கிறது. சிங்கப்பூருக்கு ஒரு ரோமிங் பேக் போட்டு, டேட்டா ரோமிங்கை நானே ஆன் செய்து கொடுத்தேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் பில் வந்தது. 88,027 ரூபாய். தசமப்புள்ளி இடம் மாறிவிட்டதோ என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மாறவில்லை.

அன்று இரவு நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் பயனில்லை. பில்லை அவள் முன்னால் வீசினேன். "ராத்திரி பகலா வீடியோ பாத்துக்கிட்டு இருந்தியா?" என்று கத்தினேன். "இல்லப்பா, கப்பல்ல நான் போனைத் தொடவே இல்லப்பா" என்று அழுதாள். பொய் சொல்கிறாள் என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை.

மூன்றாம் நாள் என் மனைவிதான், "முதல்ல எதுக்கு எவ்வளவுன்னு பாருங்க. அப்புறம் கத்துங்க" என்றாள். நிறுவனத்திடம் விவரமான பில் கேட்டு வாங்கினேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தோம்.

சிங்கப்பூரில் இருந்த நாட்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் இல்லை. எல்லாத் தொகையும் மூன்று இரவுகளில் விழுந்திருந்தது. மாமா குடும்பத்தோடு பினாங்கு போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் இருந்த இரவுகள் அவை.

என்ன நடந்தது என்பதை எளிமையாகச் சொல்கிறேன். கப்பல் கரையில் நிற்கும்போது போன் கரையிலுள்ள டவரோடு பேசும். கடலுக்குள் போனதும் அந்த சிக்னல் போய்விடும். அப்போது கப்பலுக்குள்ளேயே இருக்கும் சின்ன டவர் வேலை செய்யத் தொடங்கும். அது செயற்கைக்கோள் வழியாகத் தொடர்பு கொடுப்பது. உங்கள் போனுக்கு அது இன்னொரு வெளிநாட்டு நெட்வொர்க், அவ்வளவுதான். டேட்டா ரோமிங் ஆன் ஆகியிருந்தால் கேட்காமல் ஒட்டிக்கொள்ளும். நான் வாங்கியது சிங்கப்பூர் பேக். கப்பலும் விமானமும் இதில் அடங்காது என்று அதன் நிபந்தனைகளில் ஒரு வரி இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை.

பேக் இல்லாத இடத்தில் எங்கள் இணைப்புக்கு விழுந்த கட்டணம் ஒரு எம்.பி.க்கு 500 ரூபாய். மூன்று இரவுகளில் ஓடியது வெறும் 148 எம்.பி. நம் வீட்டு வைஃபையில் ஒரு பையன் பல் தேய்த்து முடிப்பதற்குள் தீர்க்கிற அளவு. 148 எம்.பி.க்கு 74,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 13,320. ஆக 87,320. மீதி 707 எங்கள் வழக்கமான மாத வாடகை.

இன்னொன்றையும் மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, டைம் பாருங்க" என்றாள். பெரும்பகுதி நள்ளிரவு ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள். அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். பகலில் எடுத்த போட்டோக்களை போன் தானாகவே கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு போட்டோ 3, 4 எம்.பி. வரும். கப்பலில் சாப்பிட்ட ஐஸ்கிரீமை ஒரு படம் எடுத்தாள் என்றால் அந்தப் படத்துக்கு மட்டும் 2,000 ரூபாய்.

அவள் சொன்னது உண்மை. போனைத் தொடவே இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் அவள் இன்னொரு விஷயத்தைச் சொன்னாள்.

கப்பலில் முதல் இரவு முடிந்த காலையில் ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. டேட்டா கட்டணம் 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று. பார்த்ததும் கை நடுங்கிவிட்டதாம். மாமாவிடம் சொன்னால் அவர் சங்கடப்படுவார் என்று சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தின வருடம் போன் திரை உடைந்ததற்கே நான் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். தொடாமல் இருந்தால் பணம் ஏறாது என்று நினைத்திருக்கிறாள். போன் பைக்குள் இருந்தபடியே அடுத்த இரண்டு இரவும் வேலை செய்தது.

முதல் இரவில் ஓடியது 26 எம்.பி. வரியோடு 15,340 ரூபாய். மீதி 122 எம்.பி. அதற்குப் பிறகு ஓடியது. அந்தக் காலையில் அவள் கப்பல் வைஃபையில் எனக்கு ஒரு செய்தி போட்டிருந்தால், "டேட்டாவை ஆஃப் பண்ணும்மா" என்ற ஒரே பதிலில் முடிந்திருக்கும். 15,000 ரூபாய் போயிருக்கும். அதற்கு மேல் போன 72,000 ரூபாய் அவள் என்மேல் வைத்திருந்த பயத்துக்கு நாங்கள் கட்டிய விலை. அவள் அந்தச் செய்தியை மறைத்தது தப்புதான். ஆனால் மறைக்கப் பழக்கியது யார் என்று யோசித்தால் கை என் பக்கம்தான் நீள்கிறது.

இனி பில்லை என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இது உங்களுக்கும் பயன்படும்.

முதலில், மறுப்பில்லாத 707 ரூபாயைக் கட்டினேன். மீதித் தொகையில் எனக்கு ஆட்சேபம் இருக்கிறது, முடிவு தெரியும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று மின்னஞ்சலில் எழுதினேன். வாய்ப்பேச்சோடு எதையும் நிறுத்தவில்லை.

இரண்டாவது, வாடிக்கையாளர் சேவையில் புகார் பதிந்து புகார் எண் வாங்கினேன். அந்த எண் இல்லாவிட்டால் அடுத்த படிக்குப் போக முடியாது. சுமார் மூன்று வாரத்தில், "பயன்பாடு சரியானது, கட்டணம் செலுத்தவும்" என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பலர் இங்கேயே மனம் தளர்ந்து கட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது, மேல்முறையீடு. டிராய் 2012-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு தொலைபேசி நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. புகாருக்கு வந்த பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அவரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேராக எழுதலாமே என்று கேட்பீர்கள். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை.

அந்த மேல்முறையீட்டை நானும் மகளும் சேர்ந்து எழுதினோம். எந்த இரவு, எத்தனை மணி, எத்தனை எம்.பி. என்ற பட்டியல் அவள் போட்டது. நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. இணைப்பு என் பெயரில் இருக்கும்போது, எச்சரிக்கையை ஏன் என் எண்ணுக்கும் அனுப்பவில்லை? 10,000 தாண்டியது என்று தெரிந்த பிறகு டேட்டாவை ஏன் நிறுத்தவில்லை? தப்பெல்லாம் அவர்களுடையது என்று எழுதவில்லை. நிபந்தனையைப் படிக்காதது என் தவறு என்பதையும் எழுதினோம்.

கப்பல் நெட்வொர்க்கிலிருந்து மீதிக் கணக்கு தாமதமாக வந்தது என்று விளக்கம் கொடுத்தார்கள். ஆனாலும் ஐந்து வாரத்தில் பாதித் தொகையைத் தள்ளுபடி செய்தார்கள். மீதி 43,660 ரூபாயை மூன்று தவணையில் கட்டினேன். எல்லோருக்கும் பாதி குறையும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. கேட்காதவருக்கு ஒன்றுமே குறையாது என்று மட்டும் சொல்ல முடியும்.

அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசித் தகராறுகளை அங்கே கொண்டுபோக முடியாது என்று நிறுவனங்கள் வாதாடிய காலம் உண்டு. தனியார் தொலைபேசி நிறுவனங்கள்மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. யோசனை கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பணத்தை யார் கட்டுவது என்ற பேச்சு வீட்டில் வந்தது. "என் சேமிப்பு மொத்தத்தையும் எடுத்துக்கோங்கப்பா" என்றாள் மகள். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் பெரியவர்கள் கொடுத்தது 11,000 இருந்தது. அதில் 4,000 மட்டும் வாங்கிக்கொண்டேன். ஒன்றுமே வாங்காவிட்டால் விளையாட்டாகப் போய்விடும். எல்லாவற்றையும் வாங்கினால் அது தண்டனையாகிவிடும். மீதியை நான் கட்டினேன். அந்த வருடம் மாற்றுவதாக இருந்த ஸ்கூட்டர் இன்னும் அதே பழைய ஸ்கூட்டர்தான். பார்க்கிங்கில் காலையில் சத்தம் கேட்டால் கோபப்படாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை சில.

பிள்ளையின் இணைப்பு போஸ்ட்பெய்டாக இருந்தால் யோசியுங்கள். ப்ரீபெய்டில் காசு தீர்ந்தால் நின்றுவிடும். போஸ்ட்பெய்டில் நின்றுவிடும் என்று நம்ப முடியாது. போகிற நாட்டிலேயே ஒரு சுற்றுலா சிம் அல்லது இ-சிம் வாங்கி, நம் சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவைப்பது நல்லது. நம் சிம்மில் வரும் அழைப்பை எடுத்தாலும் காசு உண்டு என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.

பேக் வாங்கினால் எந்த நாடு என்று மட்டும் பார்க்காதீர்கள். எது அடங்காது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். கப்பல் ஏறினாலும் விமானம் ஏறினாலும் ஃபிளைட் மோடு போட வேண்டும். இணையம் வேண்டுமென்றால் அதற்கு மேல் வைஃபையை மட்டும் ஆன் செய்யலாம். எல்லை ஓரங்களிலும் கவனம் தேவை. சிங்கப்பூரின் வடகரையில் நின்றால் எதிரே ஜொகூர் பாரு, மலேசிய டவர் பிடிக்கலாம். இவ்வளவு ஏன், தனுஷ்கோடிக்குப் போனவர்களுக்கு இலங்கை உங்களை வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி வந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், தானாக ஓடும் வீடியோ, மூன்றையும் மொபைல் டேட்டாவில் நடக்காதபடி நிறுத்திவிடுங்கள். பிள்ளையை உட்காரவைத்து அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். நம்மைவிட வேகமாகச் செய்வார்கள்.

கடைசியாக ஒன்று. இது போனில் செய்யும் மாற்றம் இல்லை. வழியனுப்பும்போது, "பணம் சம்பந்தமா எந்த மெசேஜ் வந்தாலும் உடனே எனக்கு ஃபோன் பண்ணு. நடுராத்திரியானாலும் சரி. அன்னைக்கு நான் திட்ட மாட்டேன்" என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். திட்ட வேண்டியது இருந்தால் ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே பேசுவதற்கு முன் மகளிடம் அனுமதி கேட்டேன். "பேர் சொல்லாம சொல்லுங்கப்பா. ஆனா நான் மெசேஜை அழிச்சதையும் சேர்த்துச் சொல்லுங்க. அப்பத்தான் வேற யாராவது அழிக்காம இருப்பாங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.