தான்சானியாவில் யாம் பெற்ற சிநேகம்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஆப்பிரிக்கா கண்டத்துத் தான்சானியா தேசத்தில், டொடோமா மாகாணத்துக் கிராமப் பாடசாலை ஒன்றிலே, 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் டிசம்பர் வரை யாம் தம்பதிகளிருவரும் ஊதியமின்றிக் கணிதம் கற்பித்த வரலாற்றைக் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். கற்பித்ததைக் குறித்துச் சொல்லத்தக்கது சிறிதே. கற்றதும் வெட்கமுற்றதும் மிகுதி.

யாம் பெட்டி பெட்டியாக நோட்டுப் புத்தகங்களும் பேனாக்களும் கொண்டு சென்றோம். அவ்வூரார் அவற்றை இரு கையாலும் ஏற்று நன்றி கூறினர், அவ்வளவே. யாம் வீதியிற் சென்றால் சிறுவர் பேச்சடங்கி நிற்பர். ஒரு மாதம் கழிந்தும் எம் வாயிலில் நின்று, 'ஹோடி' என்று உத்தரவு கேட்டு உள்ளே வந்தவர் ஒருவருமில்லை. கடைசியில் உடனிருந்த உபாத்தியாயர் ஒருவர், "ஊரார்மீது உங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டார். யாம் திகைத்தோம். அந்நாட்டில் இளையோர் முதியோரைக் கண்டால் 'ஷிகமோ' என வணங்குதலும், முதியோர் 'மரஹபா' என ஏற்றலும், பின்னர் வீடு, வேலை, பிள்ளைகள் என ஒவ்வொன்றாய் நலம் வினவுதலும் வழக்கம். யாமோ ஒரு சொல்லை வீசிவிட்டு மணி பார்த்து ஓடிக்கொண்டிருந்தோம்! அன்றுமுதல் கால் மைல் வழிக்கு அரை மணி நேரமாயிற்று.

இதன்பின் பாடசாலைச் சமையற்கார அம்மை எம்மை எட்டு மணிக்கு விருந்துக்கழைத்தார். காலை எட்டு மணிக்குச் சென்று நின்றோம். அவ்வம்மை கையில் துடைப்பத்துடன் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். சுவாஹிலி பாஷையிலோ மணியைச் சூரியோதயத்திலிருந்து எண்ணுவர். நம் காலை ஏழு மணி அவர்க்கு ஒரு மணி. அவர் சொன்ன எட்டு மணி நம் பிற்பகல் இரண்டு. நம் முன்னோரும் உதயந்தொட்டே நாழிகை கணக்கிட்டனர் என்பது எமக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மை, 'கரிபு' என வரவேற்றுத் தேநீர் தந்து, தானியம் புடைக்கும் முறத்தையும் எம் கையிற் கொடுத்துவிட்டார். இச்செய்தி அன்று மாலைக்குள் ஊரெங்கும் பரவிற்று. ஒரு வாரம் எல்லோரும் நகைத்தனர். சிறுவரின் மௌனமும் அதனோடு கலைந்தது.

அவ்விருந்திலே நிகழ்ந்த மற்றொன்றையும் மறைக்கலாகாது. கம்பு மாவிற் கிளறிய உகாலி, நம் கம்பங்களியே எனலாம். அதற்கு 'ம்லெண்டா' என்னும் வழவழப்பான கீரைக் குழம்பு. எல்லோர் கையிலும் நீர் வார்த்தபின், ஒரே தட்டைச் சூழ்ந்தமர்ந்து எல்லோரும் அதில் கையிட்டனர். எச்சிலென்னும் எண்ணத்தால் எம் கை எழவில்லை. தனித்தட்டுக் கேட்டோம். அம்மை ஒன்றும் சொல்லாமற் கொணர்ந்து வைத்தார். அவருடைய சிறுபெண், "இவர்களுக்கு நோயா?" என்று தாயைக் கேட்டாள். அவ்வளவு சுவாஹிலி எமக்குத் தெரிந்திருந்தது. தனிக்குவளையில் நீர் பெற்ற வரலாறும், பிறர்க்குத் தனிக்குவளை வைத்த வரலாறும் நம் குடும்பங்களில் உண்டு. இச்சபையில் அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தனித்தட்டை ஒதுக்கிப் பொதுத்தட்டிற் கையிட்டோம். அக்கவளம் தொண்டையில் இறங்கச் சற்று நேரமாயிற்று, களியின்மேற் குற்றமன்று.

சில வாரங்களில் எம்மிருவரையும் மலேரியா காய்ச்சல் பற்றியது. தண்ணீர் அரிதான அவ்வூரில், நாள்தோறும் விடியுமுன் எம் வாயிலில் ஒரு வாளி நீர் இருக்கும். விலை கொடுக்க முயன்றபோது அம்மைக்கு வந்த சினத்தை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

டிசம்பரில் மழை தொடங்கியதும் எம் கையில் மண்வெட்டி தந்தார்கள். இரண்டு நாள் விருந்தாளி, மூன்றாம் நாள் மண்வெட்டி கொடு என்பது சுவாஹிலிப் பழமொழி. "உங்களுக்கு மூன்றாம் நாள் இப்போதுதான் வந்தது" என்றார் அம்மை. யாம் விதைத்த வரிசைகள் கோணலென்று ஊரே பரிகசித்தது. அத்தேசத்தில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட இனத்தார் வாழ்கின்றனர். அவருட் சில இனத்தாரிடையே 'உதானி' என்னும் கேலியுரிமை உண்டு. ஒருவரையொருவர் வாய்கொண்டமட்டும் ஏசலாம், சினங்கொள்ளலாகாது. துக்க வீட்டிலோ அவ்வுரிமையுடையாரே முன்வந்து உதவுவர். முறைப்படி எமக்கு அவ்வுரிமை உண்டோ, இல்லையோ. ஊரார் கொடுத்தனர், யாம் பெற்றுக்கொண்டோம்.

இன்றும் மழைக்காலந்தோறும் அவ்வம்மை தொலைபேசியில் அழைக்கிறார். வீடு, வேலை, பிள்ளைகள் என நலம் வினவி முடிந்தபின், "எட்டு மணிக்கு வந்துவிடுங்கள், உகாலி ஆறிவிடும்" என்று சொல்லியே பேச்சை நிறுத்துகிறார்.